வங்கக்கடலுக்காக வாய் திறப்போம்



சுற்றி வளைக்க நேரமில்லை. 2024 நவம்பர் 27 அன்று வங்கக்கடலின் அடியிலிருந்து கே-4 ஏவுகணை சீறிக் கிளம்பியது. ஐ.என்.எஸ். அரிகாட் என்ற அணுசக்தி நீர்மூழ்கியின் வயிற்றிலிருந்து வந்தது அது. 3,500 கிலோமீட்டர் பாயக்கூடியது. அணுகுண்டு சுமப்பதற்கென்றே செய்யப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன், 2014 மார்ச்சில், இதே ஏவுகணையை நீரில் அமிழ்த்திய மிதவை மேடையிலிருந்துதான் முதலில் விட்டுப் பார்த்தார்கள். இப்போது மேடை போய்க் கப்பல் வந்துவிட்டது. அரிஹந்த், அரிகாட் இரண்டும் கடற்படையில் சேர்ந்துவிட்டன. அந்த வரிசையின் அடுத்த கப்பல்களும் விசாகப்பட்டினத்துக் கட்டுமானத் தளத்திலிருந்து தண்ணீரில் இறங்கிவிட்டன. இதைவிட நெடுந்தூரம் பாயும் ஏவுகணைகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன.

நம் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. விலைவாசி பேசுகிறோம், வேலையின்மை பேசுகிறோம், சாதிக் கொடுமை பேசுகிறோம். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் நம் பிள்ளைகள் கால் நனைக்கும் அதே கடலுக்குள் அணு ஆயுதக் கப்பல் ரோந்து போகிறது. அந்தக் கப்பலுக்கான உலை முதலில் பழகிய இடம் கல்பாக்கம். அதற்குச் சேதி அனுப்பும் கோபுரங்கள் நிற்பது திருநெல்வேலிச் சீமையில். "அது வடக்கே நடக்கும் விவகாரம், டெல்லிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. இந்த ஆகஸ்டில் நாம் வாய் திறந்தாக வேண்டும்.

கடலடியிலிருந்து ஏவுகணை எப்படிக் கிளம்புகிறது என்பதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். நீர்மூழ்கி மேலே வருவதே இல்லை. நீருக்குள் மெல்ல ஊர்ந்தபடி, செங்குத்தாக நிற்கும் குழாயின் மூடியைத் திறக்கிறது. அடியில் உண்டாகும் வாயுவின் அழுத்தம் பல டன் எடையுள்ள ஏவுகணையைத் தண்ணீரைப் பிளந்து மேலே தள்ளுகிறது. நீர்மட்டத்தைத் தாண்டியதும் எஞ்சின் பற்றிக்கொள்கிறது. எதிர்நாட்டுக் கரைக்கு அருகிலிருந்து விட்டால் பத்துப் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். வருவது மெய்யா, ரேடாரின் பிழையா, வெடிமுனை உள்ளதா, வெறும் சோதனையா என்று அந்த நாட்டின் தலைவர் அதற்குள் முடிவு செய்ய வேண்டும். அவர் தவறாக முடிவு செய்தால் திருப்பி வருவது நம் ஊர்களின் தலையில் விழும்.

இந்த வழியை முதலில் திறந்தது சோவியத் ஒன்றியம். நம் தோழர்கள் அதை மறைக்க வேண்டியதில்லை. 1955 செப்டம்பர் 16 அன்று வெண்கடலில், செர்கேய் கொரொலேவின் குழு செய்த ஏவுகணை ஒரு நீர்மூழ்கியிலிருந்து கிளம்பியது. இரண்டே ஆண்டுகளில் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பி உலகத்தை மகிழ்ச்சியில் ஆழ்த்திய அதே கொரொலேவ்தான். அந்தக் கப்பல் ஏவுவதற்கு மேலே வந்தாக வேண்டும். அமெரிக்கா அந்தக் குறையையும் தீர்த்தது. 1960 ஜூலை 20-இல் ஜார்ஜ் வாஷிங்டன் நீர்மூழ்கி நீரடியிலிருந்தே பொலாரிஸை ஏவியது. நவம்பரில் பதினாறு ஏவுகணைகளோடு ரோந்து கிளம்பியது. 1962 மே 6-இல் ஈதன் ஆலன் என்ற இன்னொரு நீர்மூழ்கி, மெய்யான வெடிமுனை பொருத்திய பொலாரிஸை பசிபிக்கில் கிறிஸ்துமஸ் தீவுப் பக்கம் செலுத்தி வெடிக்கவே வைத்தது. பிறகு பிரிட்டன், பிரான்ஸ். 1982 அக்டோபரில் சீனா. 2008 பிப்ரவரி 26-இல் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நம்முடைய கே-15. 2017 ஜனவரி 9-இல் பாகிஸ்தான், பாபர்-3 என்ற க்ரூஸ் ஏவுகணையோடு. 2021 செப்டம்பரில், அணுகுண்டே இல்லாத தென்கொரியாகூட நீர்மூழ்கியிலிருந்து பாலிஸ்டிக் ஏவுகணையை விட்டுப் பார்த்தது. ஒவ்வொரு நாடும் தற்காப்புக்கு என்றுதான் சொன்னது. ஒன்று செய்ததும் பக்கத்து நாடு உறக்கம் இழந்தது.

இனி நம் வழக்கின் மையத்துக்கு வருகிறேன். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பல ஆண்டுகளாக இந்தியாவிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்துவந்ததாகக் கருதப்படுகிறது. ஏவுகணை ஓரிடம், வெடிமுனை இன்னோரிடம். ஒன்றைப் படை வைத்திருக்கும். மற்றொன்றை விஞ்ஞானிகள் வைத்திருப்பார்கள். இரண்டையும் சேர்க்க வேண்டுமென்றால் உத்தரவு வேண்டும், வண்டி வேண்டும், ஆட்கள் வேண்டும், மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அந்த நேரம்தான் நம் காவல். ஆத்திரத்தில் எடுத்த முடிவை மாற்றிக்கொள்ள, தப்பான தகவலைச் சரிபார்க்க, எதிர்த்தரப்போடு தொலைபேசியில் பேச அந்த மணிநேரங்கள்தான் இடம் கொடுக்கின்றன. 2003 ஜனவரி 4-இல் அமைச்சரவைக் குழு அறிவித்த அணு ஆயுதக் கொள்கை, முதலில் பயன்படுத்த மாட்டோம் என்கிறது. அந்தச் சொல்லுக்கு உலகம் கொஞ்சமாவது மதிப்புக் கொடுத்தது இந்தப் பழக்கத்தால்தான்.

கடலுக்கடியில் போன கப்பலில் இந்த இடைவெளிக்கு வழி ஏது? நடுக்கடலில், நூறடி ஆழத்தில் இருக்கும்போது வெடிமுனையை யார் கொண்டுவந்து பொருத்துவார்கள்? ஆயுதத்தோடு ரோந்து போவதென்றால் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே பொருத்தித்தான் போயாக வேண்டும். 2018 நவம்பர் 5 அன்று, அரிஹந்த் தன் முதல் தடுப்பு ரோந்தை முடித்துவிட்டதாகப் பிரதமர் அறிவித்தார். ஸ்டாக்ஹோமிலுள்ள சிப்ரி ஆய்வு நிறுவனம் தன் அண்மை ஆண்டறிக்கைகளில் இதைச் சுட்டிக்காட்டுகிறது: ஏவுகணைகளை உருளைப் பெட்டிக்குள் அடைத்து வைப்பதும் கடல் ரோந்தும் சேர்ந்து, அமைதிக்காலத்திலேயே சில வெடிமுனைகளைப் பொருத்தி வைக்கும் நிலைக்கு இந்தியா நகர்வதைக் காட்டக்கூடும் என்கிறது. நாடாளுமன்றத்தில் ஒரு விவாதமும் இல்லாமல், ஒரு வாக்கெடுப்பும் இல்லாமல், நாட்டின் மிகப் பெரிய பாதுகாப்பு வேலி ஒன்று இப்படி ஓசைப்படாமல் அகற்றப்படுகிறது. இதைக் கேள்வி கேட்பவன் தேசத்துரோகி என்றால், தோழர்களே, அந்தப் பட்டத்தை நெஞ்சு நிமிர்த்தி வாங்கிக்கொள்வோம்.

திருநெல்வேலிச் சீமையின் விசயநாராயணம் பக்கம் போயிருக்கிறீர்களா? நாங்குநேரி தாண்டிப் போகும்போது வானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் கோபுரங்கள் தெரியும். நாட்டிலேயே மிக உயரமான கட்டமைப்புகளில் அவையும் சேர்த்தி. 1990 அக்டோபர் 20-இல் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தொடங்கிவைத்த கடற்படை நிலையம். கட்டபொம்மன் பெயரை வைத்திருக்கிறார்கள். அது எதற்கு என்று பக்கத்து ஊர்களில் கேளுங்கள். "நேவிக்காரங்க டவர்" என்பதோடு முடிந்துவிடும்.

உப்புநீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். செல்போன் அலை கடலுக்குள் ஒரு சாண்கூட இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலை மட்டும் பத்து, இருபது மீட்டர் இறங்கும். அந்த அலையின் நீளம் கிலோமீட்டர் கணக்கு. அதை அனுப்ப அத்தனை உயரக் கோபுரங்களும் ஏக்கர் ஏக்கராக நிலமும் வேண்டும். நீர்மூழ்கி நீளமான கம்பியைப் பின்னால் இழுத்துக்கொண்டு அந்தச் சேதியைக் கேட்கிறது. கேட்க மட்டும்தான் முடியும். பதில் பேச வேண்டுமென்றால் ஆண்டெனாவை மேலே நீட்ட வேண்டும். நீட்டினால் இருப்பிடம் தெரிந்துவிடும். வரும் சேதியும் சில எழுத்துகள், சில எண்கள். "இது மெய்தானா? என்ன நடந்தது? ஒருமுறை யோசியுங்கள்" என்று கேட்கக் கப்பல் தலைவனுக்கு வழி இல்லை. ஒரு நகரத்தை அழிக்கும் உத்தரவு, அப்படி ஒன்று வருமானால், திருநெல்வேலி மண்ணிலிருந்து கிளம்பக்கூடும். அந்தக் கோபுரங்களுக்கு அடியில் ஆடு மேய்க்கும் பெண்ணிடம் அதை யாரும் சொன்னதில்லை. போர் மூண்டால் எதிரியின் பட்டியலில் முதல் வரிசையில் இருக்கும் இலக்குகளில் அது ஒன்று என்பதையும் சொன்னதில்லை.

கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் பல மாதங்கள் உண்ணாவிரதம் இருந்தோம். ஆயிரக்கணக்கானோர் தேசத்துரோக வழக்கு வாங்கினார்கள். 2012 செப்டம்பரில் கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் பார்த்தோம். அந்த உலையிலிருந்து நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள்தான் இந்தக் கோபுரங்கள் நிற்கின்றன. உலையை எதிர்த்த அதே தாய்மார்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் நாம் போய்ச் சொல்ல வேண்டும்.

நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்ப இரண்டாவதாக ஒரு நிலையம் தெலங்கானாவில், விகாராபாத் மாவட்டத்துத் தாமகுண்டம் காட்டில் எழுகிறது. 2,900 ஏக்கர் வன நிலம். 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே ஊர் மக்களும் சுற்றுச்சூழல் தோழர்களும் காட்டைக் காக்கத் தெருவில் இறங்கினார்கள். மரங்களுக்காகத் தொடங்கிய போராட்டம் அது. அவர்களோடு நாம் கைகோத்தால் அதற்கு இன்னொரு பரிமாணமும் கிடைக்கும்.

கல்பாக்கம் கதை இன்னும் கசப்பானது. அரிஹந்தில் பொருத்துவதற்கான உலையின் நிலமாதிரி, கப்பலின் பாதி உடலோடு சேர்த்து, அந்த வளாகத்துக்குள் கட்டப்பட்டது. 2003 நவம்பரில் அணுப்பிளவு தொடங்கியது. 2006 செப்டம்பரில் முழு இயக்கத்துக்கு வந்தது. அரசு அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2009 ஆகஸ்டில், அரிஹந்த் தண்ணீரில் இறங்கிய பிறகு. அதுவரை சதுரங்கப்பட்டினத்தில், புதுப்பட்டினத்தில், வாயலூரில் வாழ்ந்தவர்களுக்குப் பக்கத்தில் ஒரு போர்க்கப்பல் உலை ஓடுகிறது என்று சொல்ல எவரும் கடமைப்படவில்லை. இந்த உலையை நடத்தும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்களை 2000-ஆம் ஆண்டிலேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கிவிட்டார்கள். செய்பவர்களே சோதிப்பவர்கள். கல்பாக்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருக்கும் தோழர்களே, உங்கள் உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் கணக்கைக் கேட்கும் உரிமை எந்த ரகசியச் சட்டத்தாலும் பறிபோகக் கூடாது.

கலாம் பிறந்த மண்ணல்லவா, அவர் பெயரின் முதல் எழுத்தைத்தானே கே வரிசைக்கு வைத்திருக்கிறார்கள், தமிழனுக்கு இது பெருமையல்லவா என்று கேட்பவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களை ஏளனம் செய்யாதீர்கள். ராமேஸ்வரத்து எளிய குடும்பத்துப் பையன் நாட்டின் தலைமகனாக ஆனதில் எனக்கும் பெருமை உண்டு. அந்தப் பெருமை, அணுகுண்டைப் பற்றிக் கேள்வி கேட்க விடாத பூட்டாக நம் வாயில் தொங்கக் கூடாது.

இப்போது, அணுகுண்டைக் கடலடியில் கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த ஒரு நாளைச் சொல்கிறேன். 1962 அக்டோபர் 27. கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கடற்படை வளைத்து நிற்கிறது. பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி நீரடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. டீசல் கப்பல், பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் வெக்கை. காற்று கெட்டு ஆட்கள் மயங்கி விழுகிறார்கள். மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே வா என்று சொல்வதற்காக அமெரிக்கர்கள் பயிற்சி வெடிகளைத் தண்ணீரில் போடுகிறார்கள். அந்தக் கப்பலுக்குள் இருந்தவர்களுக்கு அது பயிற்சி வெடி என்று தெரியாது. மேலே போர் தொடங்கிவிட்டது என்றே தலைவர் சவீத்ஸ்கி எண்ணினார். அணுமுனை பொருத்திய டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார் என்று உள்ளே இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். வசீலி அர்ஹிபோவ் என்ற அதிகாரி மறுத்தார். நின்று, பேசி, தலைவரை அமைதிப்படுத்தினார். கப்பல் மேலே வந்தது. உலகம் பிழைத்தது.

அர்ஹிபோவை வணங்குகிறேன். ஆனால் ஒவ்வொரு நெருக்கடியிலும் ஒவ்வொரு கப்பலிலும் ஓர் அர்ஹிபோவ் இருப்பார் என்று நம்பி நாட்டை ஒப்படைக்க நான் தயாரில்லை. 2025 மே மாதம் நான்கு நாட்கள் இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் ஒன்றின் மேல் ஒன்று வீசிக்கொண்டதை நாம் எல்லோரும் தூக்கமில்லாமல் பார்த்தோம். அடுத்த முறை இரு தரப்பு நீர்மூழ்கிகளும் அணுமுனைகளோடு நீரடியில் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தால்? ஒன்று மற்றொன்றின் மேல் உரசினால்?

உரசாது என்பவர்களுக்கு: 2009 பிப்ரவரியில், அட்லாண்டிக் போன்ற பெருங்கடலில், பிரிட்டனின் வேன்கார்டும் பிரான்சின் லெ ட்ரியோம்ஃபானும் மோதிக்கொண்டன. இரண்டும் அணு ஏவுகணை நீர்மூழ்கிகள், நட்பு நாடுகளின் கப்பல்கள். 1968-இல் சோவியத் கே-129 மூன்று அணு ஏவுகணைகளோடு பசிபிக்கில் மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை. 1986 அக்டோபர் 3-இல் பெர்முடாவுக்கு அப்பால் கே-219 கப்பலின் ஏவுகணைக் குழாய்க்குள் கடல்நீர் கசிந்து, எரிபொருளோடு வினைபுரிந்து வெடித்தது. உலை எல்லை மீறாமல் இருக்க, செர்கேய் ப்ரெமினின் என்ற இருபது வயதுச் சிப்பாய் உள்ளே போய்க் கையால் அதை நிறுத்தினான். அவனால் திரும்பி வர முடியவில்லை, கதவு திறக்கவில்லை. நம் ஏவுகணைகள் திட எரிபொருளில் ஓடுபவை. அதே விபத்து அதே வடிவில் நடக்காது. அதை நேர்மையாகச் சொல்லிவிடுவோம். ஆனால் 2013 ஆகஸ்ட் 14 அன்று மும்பைத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த நம் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து மூழ்கியதே! பதினெட்டு மாலுமிகள் போனார்கள். அந்தக் கப்பலில் அணுகுண்டு இல்லை, அணு உலை இல்லை. அதனால் மும்பை மும்பையாக இருக்கிறது. கடற்படை வீரர்களும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் பேசுகிறோம் என்பதை ஒவ்வொரு மேடையிலும் சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. அதற்கு விடை வைத்துக்கொண்டே ஊருக்குள் போக வேண்டும். பதிலடி கொடுக்கும் ஆற்றல் கடலடியில் பத்திரமாக ஒளிந்திருந்தால், முந்திக்கொண்டு அடிக்க வேண்டிய அவசரம் நமக்கு வராது. ஆகவே நீர்மூழ்கிதான் அமைதியைக் காக்கும் என்கிறார்கள். காகிதத்தில் சரிதான். கடலில் அப்படி நடப்பதில்லை. ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கத்தான் எதிரி தன் பணத்தைக் கொட்டுகிறான். கப்பல் விரல்விட்டு எண்ணக்கூடியது. கிளம்பும் துறைமுகங்கள் அதைவிடக் குறைவு. இன்று விசாகப்பட்டினம், நாளை அதற்குத் தெற்கே ராம்பில்லியில் கட்டும் தளம். வாசலில் காத்திருந்து பின்தொடர்வது முடியாத காரியமல்ல. கே-15 ஏவுகணை 750 கிலோமீட்டர்தான் போகும். அதை வைத்து மிரட்ட வேண்டுமென்றால் எதிரியின் கரைக்கே போக வேண்டும். அரிஹந்த் கடற்படையில் சேர்ந்த மறு ஆண்டே பாகிஸ்தான் பாபர்-3-ஐக் கடலடியிலிருந்து விட்டது. நாம் வாங்கிய பாதுகாப்புக்கு அவர்கள் கொடுத்த விலைச்சீட்டு அது. உலகத்தின் நிலையும் மோசமாகிக்கொண்டே போகிறது. அமெரிக்க, ரஷ்ய நீர்மூழ்கிகளின் வெடிமுனைகளுக்கு எண்ணிக்கை வரம்பு போட்டிருந்த நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் காலக்கெடு 2026 பிப்ரவரி 5-இல் முடிந்தது.

மீனவத் தோழர்களே, உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ஒவ்வொரு ஏவுகணைச் சோதனைக்கும் முன்னால் வங்கக்கடலில் நீண்ட பட்டையாக ஒரு பகுதியை அடைக்கிறார்கள். விமானத்துக்கு அறிவிப்பு, கப்பலுக்கு அறிவிப்பு. உங்களுக்கு? கரையில் ஒலிபெருக்கி, வயர்லெஸ்ஸில் ஒரு குரல், கடலோரக் காவல் படை வந்து விரட்டினால் உண்டு. காசிமேட்டிலிருந்து ஆந்திரக் கடல் வரை போய்த் தங்கல் போடும் விசைப்படகுக்குப் பல நாள் டீசலும் ஐஸும் ஏற்கெனவே செலவாகியிருக்கும். சோதனை தள்ளிப்போனால் அடைப்பும் தள்ளிப்போகும். அந்த இழப்புக்கு யார் ஈடு கொடுத்தார்கள்? மீன்பிடித் தடைக்காலத்துக்கு நிவாரணம் உண்டு. ஏவுகணைக்காக அடைக்கும் நாளுக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டால் எந்த அரசியல்வாதியாலும் உங்களைத் தேசத்துரோகி என்று சொல்ல முடியாது. ராம்பில்லிக் கரையில் தளத்துக்காகக் கடலையும் கரையையும் இழந்து நியாயம் கேட்டு நிற்கும் தெலுங்கு மீனவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

இதெல்லாம் நம்மால் ஆகிற காரியமா என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு, நம்மைவிடச் சிறிய கூட்டங்கள் செய்ததைச் சொல்கிறேன். 1961-இல் பொலாரிஸ் நீர்மூழ்கிகளுக்காக ஸ்காட்லாந்தின் ஹோலி லாக் கடற்கழிக்கு அமெரிக்கத் தாய்க்கப்பல் வந்தபோது, கிளாஸ்கோ தொழிலாளர்களும் மாணவர்களும் துடுப்புப் படகுகளில் அதன் குறுக்கே போய் நின்றார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில், கிளாம் லேக் காட்டில், நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்ப மைல் கணக்கில் கம்பி இழுத்திருந்தார்கள். விசயநாராயணத்தின் உறவுக்காரன் அது. ஊர்க்காரர்கள் தலைமுறை கடந்து எதிர்த்தார்கள், சிறை போனார்கள். 2004-இல் அந்த நிலையம் மூடப்பட்டது. 1999 ஜூனில் ஸ்காட்லாந்தின் லாக் காயில் கழியில் மூன்று பெண்கள், ஆஞ்ஜி செல்ட்டர், எலன் மாக்ஸ்லி, உல்லா ரோடர், டிரைடன்ட் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளுக்கான ஆய்வு மிதவையில் ஏறி அங்கிருந்த கருவிகளைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கைதாகக் காத்திருந்தார்கள். அக்டோபரில் கிரீனாக் நீதிமன்றத்து நீதிபதி அவர்களை விடுவித்தார். அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு. எந்த வேலியையும் தொடாதீர்கள், எந்த வளாகத்துக்குள்ளும் நுழையாதீர்கள், படம் எடுக்காதீர்கள். நம் ஆயுதம் சட்டத்துக்கு உட்பட்டதாக, பட்டப்பகலில் எல்லோர் முன்னும் இருக்கட்டும். 1989-இல் கஜகஸ்தானில் ஒல்ஜாஸ் சுலைமேனவ் என்ற கவிஞர் தொலைக்காட்சியில் தோன்றி, கவிதை படிக்காமல், அணுச்சோதனைக் களத்தின் கதிர்க்கசிவைப் பற்றிப் பேசினார். மக்களைக் கூடச் சொன்னார். கூடினார்கள். 1991 ஆகஸ்ட் 29-இல் செமிபலாட்டின்ஸ்க் என்ற அந்தக் களம் மூடப்பட்டது. அந்த நாளைத்தான் ஐ.நா. அணுச்சோதனைக்கு எதிரான நாளாக அறிவித்திருக்கிறது. அரிகாட் நீர்மூழ்கியைக் கடற்படையில் சேர்க்க நம் அரசு பார்த்த தேதியும் ஆகஸ்ட் 29.

கடலிலிருந்து அணுகுண்டை இறக்குவது கனவு என்று எவனாவது சொன்னால், 1991 செப்டம்பர் 27-ஐச் சொல்லுங்கள். அன்றுதான் அமெரிக்கா தன் போர்க்கப்பல்களிலும் தாக்குதல் நீர்மூழ்கிகளிலும் இருந்த குறுந்தூர அணு ஆயுதங்களைக் கரைக்கு இறக்குவதாக அறிவித்தது. சில நாட்களில் சோவியத் ஒன்றியமும் அதையே சொன்னது. பெரிய ஏவுகணைகளை விட்டுவிட்டார்கள், உண்மை. ஆனால் இறக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது. கடற்படுகையில் அணு ஆயுதத்தை நட்டுவைக்கக் கூடாது என்று 1971-இல் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள்; இந்தியா அதில் இருக்கிறது. படுகையில் நிற்பது குற்றம், அதற்கு மேலே நீந்துவது சரி என்பது எந்த ஊர் நியாயம்? அதே 1971 டிசம்பர் 16-இல், இலங்கை முன்வைத்து, இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. இன்று அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் வங்கதேசம் இருக்கிறது, தாய்லாந்து இருக்கிறது, மலேசியா இருக்கிறது, மாலத்தீவு இருக்கிறது, 2023 செப்டம்பரில் இலங்கையும் சேர்ந்துவிட்டது. நம்மைச் சுற்றிலும் உள்ள கரைகள் அணுகுண்டு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

நாம் கேட்பது இவைதான். ரோந்து போகும் எந்தக் கப்பலிலும் வெடிமுனை பொருத்திய ஏவுகணை இருக்காது என்று இந்திய அரசு அறிவிக்க வேண்டும். பாகிஸ்தானையும் அதே உறுதிக்கு அழைக்க வேண்டும். 1999 பிப்ரவரியில் லாகூரில், கடலில் இரு நாட்டுக் கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் தடுக்க ஒப்பந்தம் செய்வோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதைச் செய்து முடிக்க வேண்டும். பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே தெரிவிக்கும் 2005 ஒப்பந்தத்தில் க்ரூஸ் ஏவுகணையையும் சேர்க்க வேண்டும். கல்பாக்கம் உலைக்குச் சுதந்திரமான மேற்பார்வை வேண்டும். திட்டத்தின் முழுச் செலவையும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். கடல் அடைக்கப்படும் ஒவ்வொரு நாளுக்கும் மீனவருக்கு இழப்பீடு வேண்டும். இவற்றில் எதுவும் நாட்டைப் பலவீனப்படுத்தாது. எதுவும் நாளைக்கே முடியாத காரியமும் அல்ல.

இனி வேலை. ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாள் அன்று, ஒவ்வொரு கடலோர ஊரிலும் மாலையில் ஒரு கூட்டம். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். ஏலக்கூடமோ கோயில் திடலோ மாதா கோயில் முற்றமோ போதும். ஊர்க்கமிட்டியிடமும் படகுச் சங்கத்திடமும் முன்கூட்டியே பேசுங்கள். பெண்கள் வருவதற்குத் தோதான நேரமாக வையுங்கள். இடிந்தகரையை நடத்தியவர்கள் அவர்கள்தான். விசயநாராயணம், நாங்குநேரி, ராதாபுரம் பகுதித் தோழர்கள் வீடு வீடாகப் போக வேண்டும். கல்பாக்கம் சுற்றுவட்டாரத் தோழர்களும் அப்படியே. துண்டறிக்கையில் நீங்கள் பத்திரிகையில் படித்ததற்கும் அரசு அறிவித்ததற்கும் மேல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ரகசியம் எதுவும் நமக்குத் தேவையில்லை. வெளியில் தெரிந்ததே போதுமான அளவு பயங்கரம்.

ஆகஸ்ட் 15 கிராம சபை. அங்கேதான் நம் முழுப் பலமும் இறங்க வேண்டும். வெடிமுனை அகற்றல், கடலடைப்பு இழப்பீடு, சுதந்திரமான கதிர்வீச்சுச் சோதனை ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுதி, ஐம்பது பேர் கையெழுத்தோடு, ஒரு வாரம் முன்னதாகவே ஊராட்சித் தலைவரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். "இது பாதுகாப்புத் துறை விவகாரம், கிராம சபையில் எடுக்க முடியாது" என்று பற்றாளரோ ஊராட்சிச் செயலரோ சொல்வார்கள். வாக்குவாதம் வேண்டாம். எடுக்க முடியாது என்பதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். இழப்பீட்டுத் தீர்மானத்தை அவர்களால் மறுக்க முடியாது. அதிலிருந்து தொடங்கி மற்றவற்றுக்குப் போங்கள். நிறைவேறிய ஒவ்வொரு தீர்மானத்தின் நகலையும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுத்து, அடுத்த கூட்டத்தொடரில் கேள்வி எழுப்புவதாக எழுத்தில் வாங்குங்கள். ஆகஸ்ட் 29 அன்று எல்லா ஊர்த் தீர்மானங்களோடும் சென்னையில் கூடுவோம். தாமகுண்டத்துத் தோழர்களுக்கும் ராம்பில்லித் தோழர்களுக்கும் அழைப்பு தெலுங்கிலேயே போக வேண்டும். தெலுங்கு எழுதத் தெரிந்தவர்கள் இந்த வாரமே முன்வாருங்கள்.

எந்த ஊருக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல் ஜூலை முடிவதற்குள் தயாராக வேண்டும். முட்டம் முதல் பழவேற்காடு வரை ஒரு குப்பமும் விடுபடக் கூடாது.